"பிங்க் டிரிங்க்": கட்டியைக் காட்டும் மருந்து, கட்டியைக் கொல்லுமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது, எடை 72 கிலோ. மூளையின் வலது முன்பக்கத்தில் 4 சென்டிமீட்டர் கட்டி. எம்.ஆர்.ஐ.யைப் பார்த்த டொக்டர்மார் "ஹை கிரேட் கிளையோமா" (வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி) போலத் தெரிகிறது என்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை முதல் கேஸாக ஒப்பரேஷன். அன்று விடிய "பிங்க் டிரிங்க்" குடிக்கத் தருவார்களாம், கட்டி வெளிச்சத்தில் ஒளிருமாம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அத்தான், ஜப்பானில் லேசர் வெளிச்சத்தாலேயே கட்டியை அழிக்கிறார்கள் என்று வீடியோ அனுப்பியிருக்கிறார். தலையைத் திறக்காமல் அப்படிச் செய்ய முடியாதா? சென்னையில் உள்ள சிநேகிதி, அங்கே மஞ்சள் ஊசி போட்டே செய்கிறார்கள், அது மலிவு என்கிறாள். எதை நம்புவது? அவர் இப்போது எடுப்பது: மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன், வலிப்புக்கு லெவெடிராசிட்டம், பிரஷருக்கு ராமிப்ரில். சளிக்கு ஜிபி கொடுத்த டாக்ஸிசைக்ளின் இன்னும் ஐந்து நாளுக்கு இருக்கிறது.
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்:

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் பட்டியலின் கடைசியில் எழுதிவிட்டுப் போன டாக்ஸிசைக்ளினிலிருந்து தொடங்குகிறேன். அது டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக். வெளிச்சம் பட்டால் தோல் சிவந்து எரியும் தன்மையைத் தனியாகவே உண்டாக்கக்கூடியது. செவ்வாய்க்கிழமை குடிக்கப்போகும் மருந்துக்கும் அதே குணம் உண்டு. இரண்டும் உடம்பில் ஒன்றாக இருக்கக் கூடாது. நாளைக் காலையே ஆஸ்பத்திரியில் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸை அழைத்து, "டாக்ஸிசைக்ளின் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஐந்து நாள் பாக்கி" என்று சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சுச் சளி ஆறாமல் மயக்க மருந்து கொடுப்பதும் தலைவலிதான். வேறு ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற குயினலோன், சல்பா வகைகளும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கப்பட வேண்டியவை என்பது அவர்களுக்குத் தெரியும். ஜிபியிடம் மாற்றச் சொன்னால் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

மனச்சோர்வுக்கென்று கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரை வீட்டில் இருந்தால் அதுவும் கூடாது. உறவுக்காரர்கள் கொண்டுவந்து தரும் சூரணம், லேகியம் எதுவானாலும் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். அடுத்த சில நாட்களுக்குக் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை வேண்டாம். டெக்ஸாமெதசோனையும் லெவெடிராசிட்டத்தையும் ஒரு வேளைகூட விடக் கூடாது. ராமிப்ரிலை அன்று காலை எடுப்பதா வேண்டாமா என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார். செவ்வாய்க்கிழமை குடிக்கும் மருந்தும் சிலருக்கு, முக்கியமாக இதய நோய் உள்ளவர்களுக்கு, ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால் அந்தக் கேள்வி முக்கியமானது. கணவரின் குடும்பத்தில் யாருக்காவது போர்ஃபிரியா என்ற நோய் இருந்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த நோய் உள்ளவருக்கு "பிங்க் டிரிங்க்" கொடுக்கவே கூடாது.

இனி மருந்து. அதன் பெயர் 5-அமினோலெவுலினிக் அமிலம், சுருக்கமாக 5-ஏஎல்ஏ. ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2017-லும் அனுமதி பெற்றது. பிரிட்டனில், கட்டியின் ஒளிரும் பகுதி முழுவதையும் எடுக்க வாய்ப்பிருக்கிறது என்று மருத்துவக் குழு கருதும் ஹை கிரேட் கிளையோமாவுக்கு இதைப் பயன்படுத்தச் சொல்லி 2018-இல், சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு வழிகாட்டியது. முன்னாள் அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் இதே நோயால் இறந்த மறு வருடம், 2019-இல், இங்கிலாந்து முழுக்க இது கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. ஆகவே உங்கள் கணவருக்குச் சோதனை முயற்சி எதுவும் நடக்கவில்லை. நடைமுறையில் உள்ள வழக்கமான சிகிச்சைதான்.

பெயரைப் பார்த்து ரோஸ் மில்க் மாதிரி ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைப் பொடி, 1.5 கிராம், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். 50 மி.லி. குடிதண்ணீரில் கரைத்தால் கிட்டத்தட்ட நிறமே இல்லாத திரவம். ஒரு மி.லி.க்கு 30 மி.கி. மருந்து. அளவு, கிலோவுக்கு 20 மி.கி. 72 கிலோவுக்கு 1,440 மி.கி., அதாவது 48 மி.லி. மூன்று நான்கு மடக்கு. எடை 75 கிலோவைத் தாண்டினால் இரண்டாவது குப்பி உடைக்க வேண்டும். டெக்ஸாமெதசோன் எடுப்பவருக்குப் பசி கூடும், சில வாரத்தில் எடையும் ஏறும். 72 என்பது எப்போது பார்த்த எடை? அட்மிஷன் அன்று புதிதாக ஒருமுறை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரம்தான் இதில் எல்லாமே. மயக்க மருந்து கொடுப்பதற்கு 3 மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். 2 முதல் 4 மணிக்குள் இருந்தால் சரி. எட்டரைக்கு மயக்கம் என்றால் ஐந்தரைக்கு எழுப்பிக் கொடுப்பார்கள். திட உணவு அதற்கும் முன்பே, ஆறு மணி நேரக் கணக்கில், நின்றிருக்கும். இந்த 48 மி.லி. அந்தப் பட்டினியைக் கெடுக்காது. ஆனால் வாய்க் கசப்புக்கு என்று பின்னாலேயே பால் தேநீர் கொடுத்துவிடாதீர்கள். கட்டிக்குள் ஒளிர்வு உச்சத்துக்கு வருவது குடித்து 6 மணி நேரத்தை ஒட்டியும் அதற்குச் சற்றுப் பிறகும். மயக்கம் கொடுத்து, தலையைப் பொருத்தி, எலும்பைத் திறந்து கட்டியைத் தொடும்போது கணக்கு ஏறக்குறைய அங்கே வந்து நிற்கும். முதல் கேஸாகப் போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். குடித்த சற்று நேரத்தில் வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடத்தில், எவ்வளவு என்பதை நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும். மறைத்தால் அன்று கட்டி மங்கலாகத்தான் ஒளிரும், காரணம் யாருக்கும் புரியாது. நடுவில் அவசர கேஸ் ஒன்று வந்து தியேட்டர் தள்ளிப்போவதும் உண்டு. ஓரிரு மணி தாமதம் பெரிய விஷயமில்லை. 12 மணி நேரத்துக்கு மேல் போனால் மறுநாளுக்கோ அதற்குப் பிறகோ மாற்றி, மறுபடி முழு அளவைக் கொடுத்துச் செய்வார்கள். அப்படி நேர்ந்தால் ஆஸ்பத்திரி அலட்சியம் என்று கோபப்பட வேண்டாம், மருந்தின் விதியே அப்படி.

கட்டி ஏன் ஒளிர்கிறது? 5-ஏஎல்ஏ நம் உடம்பே தயாரிக்கும் பொருள்தான். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமைச் செய்யும் பாதையில் இது ஒரு ஆரம்பப்படி. அதற்குச் சில படிகள் தள்ளி புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருள் உருவாகும். அதில் இரும்பைச் சேர்த்தால் ஹீம். இரும்பைச் சேர்க்கும் நொதி கிளையோமா செல்களில் மந்தமாக வேலை செய்வதால் புரோட்டோபோர்ஃபிரின் அங்கே தேங்குகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பும் கட்டி இருக்கும் இடத்தில் பழுதடைந்திருப்பதால் மருந்து அங்கேதான் அதிகம் நுழைகிறது. இந்தப் பொருள்மேல் 400 நானோமீட்டரை ஒட்டிய நீல ஊதா வெளிச்சம் பட்டால் 635 நானோமீட்டரில் சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கும்.

ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் வெள்ளை வெளிச்சம் நீலமாக மாறும். தியேட்டர் விளக்குகளைக் குறைத்துவிடுவார்கள். நல்ல மூளை நீலமாகத் தெரியும். கட்டியின் உயிருள்ள பகுதி தணல்போல அடர்சிவப்பு. ஓரத்துக்கு வர வர வெளிர் ரோஜா. அங்கே கட்டி செல்களும் நல்ல திசுவும் கலந்து கிடக்கின்றன. நடுவில் செத்துப்போன பகுதி ஒளிராது. ரத்தம் படிந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஒரு சொட்டு ரத்தம் மூடியிருந்தாலும் அடியில் உள்ள கட்டி மறைந்துவிடும். அதனால் கழுவுவது, பார்ப்பது, வெள்ளைக்கு மாற்றி எடுப்பது, மறுபடி நீலம் என்றே வேலை போகும். குழியின் விளிம்பில் மடிந்து தொங்கும் மூளைக்குப் பின்னால் இருப்பதும் கண்ணில் படாது, ஏனென்றால் வெளிச்சம் விழும் பரப்பு மட்டும்தான் ஒளிரும். அதிக நேரம் வெளிச்சம் காட்டினாலும் நிறம் வெளுத்துவிடும்: ஆரம்பகால அளவீடு ஒன்றில், ஒளிர்வு 36 சதவீதமாகக் குறைய நீல வெளிச்சத்தில் 25 நிமிடமும் வெள்ளை வெளிச்சத்தில் 87 நிமிடமும் ஆயிற்று.

இதனால் எவ்வளவு லாபம்? ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வுதான் இன்றைக்கும் அடிப்படை. ஸ்கேனில் வெளுத்துத் தெரியும் கட்டி முழுவதும் எடுக்கப்பட்டது, சாதாரண வெளிச்சத்தில் 36 சதவீதம் பேருக்கு, 5-ஏஎல்ஏ குடித்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு. ஆறு மாதம் வரை நோய் மறுபடி வளராமல் இருந்தவர்கள் 21-க்கு 41 சதவீதம். மொத்த ஆயுள் கூடியதாக அந்த ஆய்வில் உறுதியாகக் காட்ட முடியவில்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. மருந்து சர்ஜன் கையில் ஒரு டார்ச் லைட், அவ்வளவுதான். எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்ற முடிவு அவருடையது. கட்டி முன்பக்கத்தில் இருந்தாலும் அதன் பின்னோரம் இடது கை, காலை அசைக்கும் பகுதியை நெருங்கியிருக்கலாம். அங்கே ரோஜா நிறம் தெரிந்தாலும், மின் தூண்டலில் கை அசைந்தால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆபரேஷன் குறிப்பில் "ஒளிர்வு மிச்சம் விடப்பட்டது" என்று இருந்தால் அது கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கை போகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அதேபோல, ஒளிராத இடத்தில் கட்டியே இல்லை என்றும் பொருள் இல்லை. தனித்தனியாக மூளைக்குள் ஊர்ந்துபோன செல்களைக் கண்ணால் பார்க்குமளவு இந்த ஒளிர்வு வராது. மெதுவாக வளரும் லோ கிரேட் கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை. அவற்றில் ஓரிடம் மட்டும் சிவந்தால், அங்கே கட்டி தீவிரமாகிவிட்டது என்ற துப்பு; பயாப்சி (பரிசோதனைக்கான திசுத் துணுக்கு) அந்த இடத்திலிருந்து எடுப்பார்கள். ஊசி வழியாக எடுக்கும் பயாப்சியிலும் துணுக்கை நீல வெளிச்சத்தில் காட்டி, சரியான இடத்திலிருந்துதான் வந்ததா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். முன்பு ரேடியேஷன் கொடுத்த இடமும் வீக்கமும் சில சமயம் பொய்யாக ஒளிரும், ஆனால் முதல் முறை ஆபரேஷன் என்பதால் உங்கள் கணவருக்கு அந்தக் குழப்பம் குறைவு.

சென்னைச் சிநேகிதி சொன்னது ஃப்ளோரசீன். கண் விழித்திரைப் படம் எடுக்க ரத்தநாளத்தில் போடும் அதே மஞ்சள் சாயம்தான். கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. போட்டு, மைக்ரோஸ்கோப்பில் 560 நானோமீட்டர் வடிகட்டி வைத்துப் பார்ப்பார்கள். விலை மிகக் குறைவு என்பதால் இந்தியாவில் பல இடங்களில் இதையே பயன்படுத்துகிறார்கள்; அதில் தவறில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. ஃப்ளோரசீன் கட்டி செல்லுக்குள் மாறுவதில்லை, தடுப்பு உடைந்த இடமெல்லாம் கசிந்து நிற்கும். நேரம் போகப்போக கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்திலும் பரவும். ஒருநாள் தோலும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கும், அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வரலாம். உங்களுக்கு 5-ஏஎல்ஏ செலவில்லாமல் கிடைக்கும்போது மாற்றிக் கேட்கத் தேவையில்லை.

அத்தான் அனுப்பிய வீடியோவில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். கட்டியில் தேங்கும் அதே வகைப் பொருள்மேல் நீலத்துக்குப் பதிலாகச் சிவப்பு லேசரைப் போதிய அளவு பாய்ச்சினால், பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் கொடிய வடிவத்துக்கு மாறி அந்தச் செல்லையே கொல்லும். பெயர் போட்டோடைனமிக் தெரபி. மருந்து, வெளிச்சம், ஆக்சிஜன் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால்தான் நடக்கும். தலையைத் திறக்காமல் முடியாததற்கும் காரணம் இதுவே. நீல வெளிச்சம் திசுவில் ஒரு மில்லிமீட்டர் போவதே அரிது. சிவப்பு சில மில்லிமீட்டர். தோலையும் மண்டையோட்டையும் தாண்டி 4 சென்டிமீட்டர் கட்டியை அதனால் எட்டவே முடியாது.

ஜப்பானில் செய்வதும் தலையைத் திறந்து, கட்டியை எடுத்தபிறகுதான். அங்கே மருந்து டாலபோர்ஃபின். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 40 மி.கி. வீதம் ஆபரேஷனுக்கு முதல் நாள், 22 முதல் 26 மணி நேரம் முன்பு ஊசியாகப் போடுகிறார்கள். கட்டி எடுத்த குழியின் சுவரில் சந்தேகமான இடங்களில் 664 நானோமீட்டர் லேசரை ஒன்றரை சென்டிமீட்டர் வட்டமாக, ஒவ்வொரு வட்டத்துக்கும் 180 விநாடி காட்டுகிறார்கள். கணக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 27 ஜூல். 2013-இல் வெளியான ஆய்வில் கணக்கில் எடுத்தவர்கள் 22 பேர். ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 95.5 சதவீதம். அதே ஆண்டு அங்கே அனுமதியும் கிடைத்தது. நல்ல எண்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க லேசர் இல்லாத இன்னொரு குழு அதில் இல்லை. இவ்வளவு விரிவான ஆபரேஷனுக்குத் தகுதியானவர்கள் ஏற்கெனவே மற்றவர்களைவிட நன்றாக வாழக்கூடியவர்கள். லேசரின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

பிரான்ஸின் லில் நகரில் 5-ஏஎல்ஏ-வையே வைத்து 10 பேருக்குச் செய்து பார்த்தார்கள். குழிக்குள் ஒரு பலூனை விரித்து, உள்ளே ஒளி இழையை விட்டு 635 நானோமீட்டர் வெளிச்சத்தை ஐந்து தவணையாகக் கொடுத்தார்கள், தவணைக்கு நடுவில் 2 நிமிட இருட்டு இடைவெளி. தொடர்ந்து கொடுத்தால் அந்த இடத்து ஆக்சிஜன் தீர்ந்து வினை நின்றுவிடும். இடைவெளியில் ரத்தம் மறுபடி ஆக்சிஜனைக் கொண்டுவரும். ஜெர்மனியின் மியூனிக்கில், ஆபரேஷன் செய்ய முடியாத ஆழத்தில் உள்ள சிறு கட்டிகளுக்குள் மெல்லிய ஒளி இழைகளைச் செருகிச் செய்கிறார்கள். எல்லாமே மதிக்கத்தக்க வேலை. பெரிய ஒப்பீட்டு ஆய்வில் நிரூபணமான வழக்கச் சிகிச்சையாக இவை இன்னும் ஆகவில்லை. ஒளிக்குப் பதில் அல்ட்ராசவுண்டால் 5-ஏஎல்ஏ-வைத் தூண்டும் முறைக்கு மண்டையோடு அந்த அளவு தடையில்லை என்பதால் அதிலும் ஆய்வுகள் நடக்கின்றன.

ஆகவே செவ்வாய்க்கிழமையைத் தள்ளிப்போட வேண்டாம். இணையத்தில் தேடினால், ஊசி போட்டு வெளியிலிருந்து தலையில் லேசர் காட்டி, ஹை கிரேட் கிளையோமாக்களில் மிகத் தீவிரமான கிளையோபிளாஸ்டோமாவைக் கரைப்பதாகப் பணம் கேட்கும் இடங்கள் கண்ணில் படும். என்ன மருந்து, எத்தனை நானோமீட்டர், மண்டையோட்டுக்குள் வெளிச்சம் எப்படிப் போகிறது, ஆய்வாக இருந்தால் பதிவு எண் என்ன, நோயாளியிடம் ஏன் பணம் என்று கேளுங்கள். முதல் மூன்றுக்கு நேரான பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கட்டி கிளையோபிளாஸ்டோமா என்று உறுதியானால், ஆபரேஷனுக்குச் சில வாரம் கழித்து ரேடியேஷனும் டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் தொடங்கும். ரேடியேஷனின் வழக்கமான கணக்கு 30 தடவையாக 60 கிரே (கதிரின் அளவு). ஆயுளை நீட்டுவதாக நிரூபணமானது அதுதான். லேசரைத் தேடி அலைந்து அதைத் தவறவிட்டவர்கள் உண்டு.

மருந்து குடித்த பிறகு எச்சரிக்கை எளிது. ஐரோப்பிய விதிப்படி 24 மணி நேரம், அமெரிக்க விதிப்படி 48 மணி நேரம் கண்ணிலும் தோலிலும் பலமான வெளிச்சம் படக் கூடாது. உங்கள் வார்டு எதைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். ஜன்னலோரக் கட்டில் என்றால் திரையை இழுத்துவிடுங்கள், முகத்துக்கு நேரே படிக்கும் விளக்கைப் போடாதீர்கள். சாதாரண அறை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. கும்மிருட்டில் வைக்கத் தேவையில்லை. சன் கிரீம் பூசிப் பயனில்லை, ஏனென்றால் இங்கே தொந்தரவு செய்வது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். நர்ஸ் மணிக்கொருமுறை பென் டார்ச்சை அடித்துக் கண்மணியைப் பார்ப்பார். அதைத் தடுத்துவிடாதீர்கள். உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டால் காட்டிக்கொடுக்கும் சோதனைகளில் அதுவும் ஒன்று.

முதல் இரண்டு நாள் இடது கை சற்றுத் தளர்ந்திருக்கலாம். அந்த ஜெர்மன் ஆய்விலும் 5-ஏஎல்ஏ குடித்தவர்களுக்கு ஆரம்பத்தில் இது சற்று அதிகமாகவே இருந்தது. மூன்று மாதத்தில் இரு தரப்பும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டது. ஆனால் நன்றாக இருந்த கை திடீரென்று விழுந்தாலோ தூக்கம் கூடிக்கொண்டே போனாலோ அதை மருந்தின் கணக்கில் எழுதாமல் உடனே கூப்பிடுங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை எண்கள் ஓரிரு வாரம் ஏறியிருப்பது வழக்கம், பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆபரேஷன் முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஒரு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அதற்குப் பிறகு எடுத்தால் ஆறும் புண்ணும் வெளுத்துத் தெரிந்து, மிச்சக் கட்டியா என்ற குழப்பம் வரும்.

ஒரு விஷயத்தைச் செவ்வாய்க்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எடுக்கும் கட்டியில் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் அப்படியே உறையவைத்துச் சேமிப்பார்களா, அதற்கான சம்மதப் படிவம் எங்கே என்று கேளுங்கள். முழு மரபணுப் பரிசோதனைக்கும், பின்னால் சேர வாய்ப்புள்ள, கட்டிக்கு எதிரான சில தடுப்பூசி ஆய்வுகளுக்கும் புதிதாக உறையவைத்த திசுதான் வேண்டும். ஃபார்மலினில் போட்டதைத் திரும்ப அப்படி மாற்ற முடியாது.